மெக்னீசியத்தின் பிடி: ஓர் உலோகத்துக்குள் ஹைட்ரஜனை வைப்பது எப்படி?

ஒத்தக்கடைக்குப் பக்கத்தில், ஜன்னலைத் திறந்தால் யானைமலை தெரிகிற ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். பத்தாம் வகுப்புக்குச் செய்முறை நேரம். சோதனைக்குழாயில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றி, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிய மெக்னீசிய நாடாவில் ஒரு துண்டைப் போட்டோம். நாடாவைச் சுற்றிக் குமிழிகள் நுரைத்துக்கொண்டு ஏறின. குழாயின் வாயருகே எரியும் தீக்குச்சியைக் காட்டியதும் 'பாப்' என்று சத்தம். இதுவரை எல்லாம் புத்தகத்தில் உள்ளதுதான்.

முன்வரிசையில் நின்ற ஒரு மாணவி குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், மெக்னீசியத்தைப் போட்டதும் ஹைட்ரஜன் வருகிறதே, அப்படியானால் மெக்னீசியத்துக்குள் ஹைட்ரஜன் இருக்கிறதா?" என்றாள்.

இல்லை என்றேன். அந்த ஹைட்ரஜன் அமிலத்தில் இருந்தது. மெக்னீசியம் அதை வெளியே தள்ளிவிட்டுத் தான் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. பதில் சரிதான். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவள் தவறாகக் கேட்ட கேள்விக்குள் சரியான கேள்வி ஒன்று ஒளிந்திருந்தது. மெக்னீசியத்துக்குள் ஹைட்ரஜன் இயல்பாக இல்லை. உள்ளே வைக்க முடியுமா? முடியும். அதுவும் மிக அதிகமாக வைக்க முடியும். வைத்ததைத் திரும்ப எடுப்பதுதான் கடினம். உலகம் முழுவதும் எத்தனையோ ஆய்வுக்கூடங்கள் பல பத்தாண்டுகளாக இந்த ஒரு சிக்கலோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. அடுத்த நாள் வகுப்பில் அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஹைட்ரஜனைச் சேமிப்பது ஏன் இவ்வளவு பெரிய பாடு என்று பார்ப்போம். ஒரு கிலோ ஹைட்ரஜனை எரித்தால் சுமார் 120 மெகாஜூல் ஆற்றல் கிடைக்கிறது. சமையல் எரிவாயுவில் அதே ஆற்றலுக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல் வேண்டும். எரிந்தபின் மிஞ்சுவது தண்ணீர் மட்டும். எடையில் இதை வெல்ல வேறு எரிபொருள் இல்லை. ஆனால் அந்த ஒரு கிலோ, நம் ஊர் வெயிலில் சாதாரண காற்றழுத்தத்தில் பிடிக்கும் இடம் ஏறத்தாழ 12,000 லிட்டர். மொட்டை மாடியில் வைக்கிறோமே, ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி, அதில் பன்னிரண்டை வரிசையாக வைத்துப் பாருங்கள். அவ்வளவும் ஒரு கிலோவுக்கு.

இதைச் சுருக்க இரண்டு வழிகள் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கின்றன. ஒன்று, அழுத்துவது. ஹைட்ரஜன் கார்களில் 700 பார் வரை அழுத்துகிறார்கள்; காற்றழுத்தத்தைப் போல் 700 மடங்கு. அப்போது ஒரு கிலோ சுமார் 25 லிட்டரில் அடங்கும். அதற்குக் கார்பன் இழை சுற்றிய விலையுயர்ந்த உருளை வேண்டும். இன்னொன்று, குளிர்விப்பது. மைனஸ் 253 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஹைட்ரஜன் திரவமாகிறது. கிலோவுக்கு 14 லிட்டர் போதும். ஆனால் அந்தக் குளிருக்குக் கொண்டுபோகவே, சேமிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் செலவாகிவிடுகிறது. என்னதான் காப்பிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டும் இருக்கும்.

மூன்றாவது வழிதான் நம் கதை. ஹைட்ரஜனை ஓர் உலோகத்தோடு சேர்த்து, திடப்பொருளாக்கி வைத்துவிடுவது. மெக்னீசியத்தோடு சேர்ந்தால் மெக்னீசியம் ஹைட்ரைடு. ஒரு மெக்னீசிய அணுவுக்கு இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். எடையில் 7.6 சதவீதம் ஹைட்ரஜன். அதாவது 13 கிலோ மெக்னீசியம் ஹைட்ரைடில் ஒரு கிலோ ஹைட்ரஜன் இருக்கிறது. அந்த 13 கிலோவும் இடைவெளியில்லாமல் கட்டியாக இருந்தால் அதன் கன அளவு வெறும் 9 லிட்டர். இடுப்பில் வைத்துத் தூக்கும் ஒரு சின்னக் குடம்.

இந்த எண்ணை வகுப்பில் எழுதியபோது யாரும் நம்பவில்லை. திரவமாக்கிய ஹைட்ரஜனைவிடத் திடப்பொருளுக்குள் இருக்கும் ஹைட்ரஜன் நெருக்கமாக இருக்கிறது என்றால் யாருக்குத்தான் வியப்பு வராது? திரவத்தில் ஹைட்ரஜன் இரண்டிரண்டு அணுக்களாகச் சேர்ந்த மூலக்கூறாக, ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கிறது. ஹைட்ரைடில் அது தனித்தனி அணுவாகப் பிரிந்து, உலோக அணுக்களுக்கு இடையே தனக்கென ஓர் இடம் பிடித்துக்கொள்கிறது.

சித்திரைத் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரையில் நிற்கும் கூட்டம்தான் வாயு. தடுப்புக் கட்டி, தள்ளி, நெருக்கி நிறுத்தினால் அது அழுத்திய வாயு. தடுப்பை எடுத்தால் சிதறிவிடும். அதே கூட்டத்தை மீனாட்சியம்மன் கோவில் ஆயிரங்கால் மண்டபத்துக்குள் கொண்டுபோய், ஒவ்வொரு தூணுக்கும் இரண்டு பேராக உட்கார வைத்துவிட்டால்? இப்போது தடுப்பு வேண்டாம், காவலும் வேண்டாம். அவரவர் இடத்தில் அவரவர் இருப்பார்கள். மெக்னீசியம் ஹைட்ரைடில் நடப்பது கிட்டத்தட்ட இதுதான். ஒரு வேறுபாடு உண்டு. இங்கே ஆட்கள் வந்து உட்காரும்போது தூண்களே தங்கள் வரிசையை மாற்றிக்கொள்கின்றன. அணுக்களின் அடுக்கு முழுவதும் வேறாகிறது, மண்டபம் ஏறத்தாழ 30 சதவீதம் பெரிதாகிறது. ஹைட்ரஜன் வெளியேறினால் பழைய வரிசைக்கே திரும்புகிறது.

உலோகத்துக்குள் ஹைட்ரஜன் புகும் என்பது புதிய செய்தி அல்ல. பல்லேடியம் தன் கன அளவைப்போல் பல நூறு மடங்கு ஹைட்ரஜனை விழுங்குகிறது என்று 1866-இலேயே தாமஸ் கிரஹாம் கண்டுபிடித்தார். பல்லேடியத்தின் விலையைப் பார்த்தால் அதில் யாரும் எரிபொருள் சேமிக்க மாட்டார்கள். மெக்னீசியம் அப்படியல்ல. பூமியின் மேலோட்டில் அதிகம் கிடைக்கும் தனிமங்களின் வரிசையில் எட்டாவது இடம். கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 1.3 கிராம். தூத்துக்குடியிலும், ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கத்திலும் உப்பளம் பார்த்திருப்பீர்கள். உப்பை வாரிய பிறகு பாத்தியில் எண்ணெய் போல் ஒரு நீர் மிஞ்சும். நாக்கில் வைத்தால் கசக்கும். அந்தக் கசப்பு மெக்னீசிய உப்புகளின் கசப்பு. அதிலிருந்து மெக்னீசிய குளோரைடை எடுத்து, உருக்கி, மின்சாரம் பாய்ச்சி உலோகமாக்கும் முறையில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953 பொங்கல் நாளில் திறக்கப்பட்ட நிறுவனம் அது. மதுரையிலிருந்து இரண்டு மணி நேர பஸ் பயணத்தில், இந்த உலோகத்தை நன்றாக அறிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆக, மலிவு, லேசு, கொள்ளளவு அதிகம். பிறகு ஏன் நம் தெருவில் ஒரு வண்டியும் மெக்னீசியம் ஹைட்ரைடில் ஓடவில்லை?

பிடி

இதைப் புரிந்துகொள்ளச் சுண்ணாம்பிடம் போக வேண்டும்.

என் பாட்டி வெற்றிலை போடுவார். சுண்ணாம்பு கடையில் வாங்குவது அவருக்குப் பிடிக்காது. சுட்ட கிளிஞ்சலை ஒரு மண் சட்டியில் போட்டு, தண்ணீரைத் தெளித்துவிட்டுத் தள்ளி உட்காருவார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு கிளிஞ்சல் ஒவ்வொன்றாக 'டிக் டிக்' என்று வெடிக்கும். சட்டி புகையும், தண்ணீர் தானாகக் கொதிக்கும், கிளிஞ்சல் பூத்து வெள்ளை மாவாக உதிரும். அடுப்பே இல்லாமல் கொதிக்கிறதே என்று நான் சட்டியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். நெருப்பு அந்தக் கிளிஞ்சலுக்குள் முன்பே போய்விட்டது. காளவாசலில் சுட்டபோது கொடுத்த வெப்பத்தைத்தான் அது இப்போது திருப்பித் தந்தது. மதுரையில் காளவாசல் என்றால் இன்று போக்குவரத்து நெரிசல் மிகுந்த ஒரு சந்திப்புதான் நினைவுக்கு வரும். சொல்லின் பொருள் சூளை.

இப்போது கவனியுங்கள். சுட்ட சுண்ணாம்பு தண்ணீரை ஆவலோடு இழுத்துக்கொள்கிறது. இழுத்துக்கொள்ளும்போது வெப்பம் வெளியே வருகிறது. நீற்றிய அந்த மாவிலிருந்து தண்ணீரைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால் வெயிலில் காயவைத்தால் போதாது. சுமார் 500 டிகிரிக்குச் சுட வேண்டும். உள்ளே போகும்போது எவ்வளவு வெப்பம் வந்ததோ அவ்வளவையும் திருப்பிக் கொடுத்தால்தான் தண்ணீர் வெளியே வரும்.

மெக்னீசியமும் ஹைட்ரஜனும் அப்படியேதான். மெக்னீசியம் ஹைட்ரஜனை இழுத்துக்கொள்ளும்போது, ஒரு மோல் ஹைட்ரஜனுக்கு, அதாவது 2 கிராமுக்கு, சுமார் 75 கிலோஜூல் வெப்பம் வெளியே வருகிறது. கிலோக்கணக்கில் சொன்னால் 37.5 மெகாஜூல். 30 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 125 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது. ஹைட்ரஜனைத் திரும்ப எடுக்க அதே 37.5 மெகாஜூலை நாம் கொடுக்க வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜன் எரிந்து தருவதே 120 மெகாஜூல்தான். எடுத்துத் தரவே மூன்றில் ஒரு பங்கு கேட்கிறது இந்த உலோகம்.

வெப்பத்தின் அளவு மட்டும் சிக்கல் இல்லை. எத்தனை டிகிரியில் கொடுக்க வேண்டும் என்பதும் சிக்கல். மெக்னீசியத்தின் பிடியும், சிதறி ஓட வேண்டும் என்ற ஹைட்ரஜனின் இயல்பும் சமமாக நிற்கும் இடம், ஒரு பார் அழுத்தத்தில், ஏறத்தாழ 285 டிகிரி. அதற்குக் கீழே பிடி வெல்லும், அதற்கு மேலே சிதறல் வெல்லும். ஹைட்ரஜன் கார்களில் வழக்கமாக இருக்கும் எரிபொருள் கலம், அதாவது ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவி, இயங்குவதே 80 டிகிரி சுமாருக்குத்தான். அதன் கழிவு வெப்பத்தை வைத்து இந்தப் பூட்டைத் திறக்க முடியாது. ஹைட்ரஜனிலேயே ஒரு பங்கை எரித்துத்தான் மீதியை எடுக்க வேண்டியிருக்கும்.

வேகம் வேறு, பிடி வேறு

இந்தத் துறையைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்கள் குழம்பும் இடம் இது. நானும் குழம்பியிருக்கிறேன். அதனால் இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

285 டிகிரி என்பது கணக்குப்படி சமநிலை. நடைமுறையில், சாதாரண மெக்னீசியத் தூளை வைத்து முயன்றால் 350, 400 டிகிரியில்கூட வேலை ஆமை வேகத்தில் நடக்கும். ஏன் என்று கேட்டால் மறுபடி மண்டபத்துக்குத்தான் போக வேண்டும்.

வருபவர்கள் எல்லாரும் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து வருகிறார்கள். வாசலில் கையை விட்டுப் பிரிந்தால்தான் உள்ளே நுழைய முடியும். மெக்னீசியம் அந்தக் கையைப் பிரிப்பதில் திறமையற்றது. போதாக்குறைக்கு வாசலிலேயே ஒரு கதவு சாத்தியிருக்கிறது: காற்று பட்ட மெக்னீசியத்தின் மேல் படியும் ஆக்சைடுப் படலம். அன்று நாடாவை உப்புத்தாளால் தேய்த்தோமே, அந்தப் படலத்தைத்தான் தேய்த்தோம். எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டால் அடுத்த தொல்லை. முதலில் வந்தவர்கள் வாசலை ஒட்டியே உட்கார்ந்துவிடுகிறார்கள். பின்னால் வருபவர்கள் அவர்களைத் தாண்டி உள்ளே போக முடியவில்லை. மெக்னீசியத் துகளின் மேல்பரப்பில் ஹைட்ரைடு ஒரு தோல் போல உருவாகிவிட்டால், அதைத் துளைத்துக்கொண்டு ஹைட்ரஜன் நகர்வது மிக மெதுவாகத்தான் நடக்கிறது. துகளின் நடுவில் மெக்னீசியம் தொடப்படாமலே கிடக்கும்.

இவை எல்லாம் வேகத்தின் சிக்கல்கள். இவற்றுக்கு ஆய்வாளர்கள் அருமையான தீர்வுகள் கண்டிருக்கிறார்கள்.

முதல் தீர்வு, அரைப்பது. எஃகுக் கலத்துக்குள் மெக்னீசியம் ஹைட்ரைடையும் எஃகுக் குண்டுகளையும் போட்டு, எதனோடும் வினைபுரியாத ஆர்கான் வாயு நிரப்பி மூடி, மணிக்கணக்கில் சுழற்றுகிறார்கள். இட்லிக்கு அரைக்கும் கிரைண்டரை நினைத்துக்கொள்ளலாம்; ஆனால் இங்கே குண்டுகள் உருளுவதைவிட மோதுவதுதான் அதிகம். ஒவ்வொரு மோதலிலும் துகள் நசுங்கி, விரிசல் விட்டு, மறுபடி ஒட்டி, மறுபடி உடைகிறது. துகளுக்குள் இருக்கும் படிகங்கள் மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சிறுத்துவிடுகின்றன. வாசல்கள் பெருகுகின்றன, உள்ளே போக வேண்டிய தூரம் குறைகிறது. 1990-களில் இந்த முறை பரவியபோதுதான் மெக்னீசியம் ஹைட்ரைடு ஆய்வுக்குப் புது உயிர் வந்தது.

இரண்டாவது தீர்வு, வினையூக்கி. அரைக்கும்போதே நிக்கல், டைட்டானியம், நையோபியம் போன்றவற்றைச் சிட்டிகை அளவு சேர்ப்பது. இவை வாசலில் நின்று, கைகோத்து வரும் ஹைட்ரஜனைப் பிரித்து உள்ளே அனுப்பும் வேலையைச் செய்கின்றன. நையோபியம் ஆக்சைடு சேர்த்த மெக்னீசியம் 300 டிகிரியில் சில நிமிடங்களுக்குள் ஹைட்ரஜனை ஏற்கவும் விடவும் செய்கிறது என்று 2003-இல் ஜெர்மனியின் கீஸ்டாக்ட் ஆய்வு மையத்தினர் காட்டினார்கள். மணிக்கணக்கு நிமிடக்கணக்கானது.

இப்போது கவனமாக இருக்க வேண்டும். "வினையூக்கி சேர்த்ததும் மெக்னீசியம் ஹைட்ரைடு குறைந்த வெப்பத்தில் ஹைட்ரஜனை விட்டுவிடுகிறது" என்று படித்தால், பிடி தளர்ந்துவிட்டது என்று நினைத்துவிடுவோம். தளரவில்லை. வினையூக்கி வாசலை அகலப்படுத்தும். உள்ளே உட்கார்ந்திருப்பவரை எழுப்பாது. 400 டிகிரி தேவைப்பட்டது 300-க்கு இறங்கியிருக்கிறது என்றால், அது வெறும் தாமதத்தால் கூடுதலாகக் கேட்கப்பட்ட வெப்பம் குறைந்ததுதான். 75 கிலோஜூல் அப்படியே நிற்கிறது. அதனால் 285 டிகிரியும் அப்படியே நிற்கிறது. எத்தனை நல்ல வினையூக்கியாலும் ஒரு பார் அழுத்தத்தில் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. ஓர் ஆய்வுச் செய்தியைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்: இவர்கள் மாற்றியது வேகத்தையா, பிடியையா?

பிடியை மாற்றியவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ரெய்லியும் விஸ்வாலும் 1968-இல் மெக்னீசியத்தோடு நிக்கலைக் கலந்தார்கள். இரண்டு மெக்னீசியத்துக்கு ஒரு நிக்கல். அந்தக் கலவையின் பிடி சுமார் 64 கிலோஜூலாகக் குறைந்தது. ஹைட்ரஜனை 250 டிகிரி சுமாருக்கே விட்டது. ஆனால் நிக்கல் கனமான உலோகம். 7.6 சதவீதமாக இருந்த கொள்ளளவு 3.6 சதவீதமாக விழுந்துவிட்டது. பிடியை இன்னும் தளர்த்தி அறை வெப்பநிலைக்கே வர வேண்டுமென்றால் லாந்தனம்–நிக்கல் கலவைக்குப் போகலாம். அது கை வெதுவெதுப்பிலேயே ஹைட்ரஜனை வாங்கும், கொடுக்கும். நிக்கல்–மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகளுக்குள் இருப்பது அதன் உறவுதான். கொள்ளளவோ 1.4 சதவீதம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு எழுபது கிலோ உலோகம் சுமக்க வேண்டும்.

இந்தத் துறையின் கஷ்டம் முழுவதும் இந்த மூன்று எண்களில் இருக்கிறது: 7.6, 3.6, 1.4. பிடி தளரத் தளர, ஹைட்ரஜனை வைத்துக்கொள்ளும் மடி, அதாவது கொள்ளளவு, சுருங்குகிறது.

வேறு வழியே இல்லையா? துகளை நம்ப முடியாத அளவுக்குச் சிறிதாக்குவது ஒரு வழி. 2005-இல் வெளிவந்த ஒரு கணக்கீடு, மெக்னீசியம் ஹைட்ரைடின் படிகத்தை 0.9 நானோமீட்டருக்குக் குறைத்தால் அது 200 டிகிரியிலேயே ஹைட்ரஜனை விட்டுவிடும் என்றது. அந்த அளவில் ஒரு துகளில் இருப்பவை சில பத்து அணுக்கள்தான். பெரும்பாலானவை வெளிப்பரப்பில் நிற்பவை, அவற்றின் பிடி தளர்வாகவே இருக்கும். கணினியில் அழகான தீர்வு. கையில் அப்படி ஒரு துகளைச் செய்தால், ஒன்றிரண்டு முறை சூடாக்கியதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிவிடுகின்றன. அவை ஒட்டாமலிருக்கக் கார்பன் போன்ற துளைப் பொருள்களுக்குள் அடைத்தால், அந்தக் கார்பனின் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மடி மறுபடி சுருங்குகிறது.

எனக்கு மிகவும் பிடித்த வேலை ஒன்று உண்டு. 2011-இல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தினர் மெக்னீசிய நானோ படிகங்களை அக்ரிலிக் பிளாஸ்டிக்குக்குள் பொதிந்தார்கள். கண்ணாடிக்குப் பதிலாகப் பயன்படுத்துகிறோமே, அந்த வகைப் பிளாஸ்டிக். அதன் வழியே ஹைட்ரஜன் நுழையும். ஆக்சிஜனும் ஈரமும் எளிதில் நுழையாது. மெல்லிய துணியில் மாவு சலிப்பது போல, அணுக்களின் அளவைப் பார்த்துச் சலிக்கும் சல்லடை. காற்றில் வைத்தும் அந்த மெக்னீசியம் கெடவில்லை. இதன் அருமை, மெக்னீசியத் தூளைக் கையாண்டவர்களுக்குத்தான் தெரியும். நுண்ணிய உலோகத் தூள் காற்றும் ஈரமும் பட்டால் என்ன ஆகும் என்று சிவகாசிப் பக்கம் மருந்து அறையில் வேலை பார்த்தவர்களிடம் கேளுங்கள். அவர்கள் குரல் தணிந்துவிடும். எரிகிற மெக்னீசியத்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீரிலிருந்தே ஹைட்ரஜனைப் பிரித்து இன்னும் மூர்க்கமாக எரியும். உலர்ந்த மணல்தான் போட வேண்டும். ஆய்வுக்கூடங்களில் அரைத்த தூளைத் திறப்பதே, ஆர்கான் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை விட்டுத்தான்.

எங்கே வைப்பது?

2023 ஜனவரியில் மத்திய அரசு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் தயாரிப்பது இலக்கு. 2024 பிப்ரவரியில், கொச்சியில் கட்டிய ஹைட்ரஜன் எரிபொருள் கலப் படகைத் தூத்துக்குடி நிகழ்ச்சியிலிருந்து தொடங்கி வைத்தார்கள். நம் பக்கம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-இலிருந்து நிற்கிறது. பகலில் வெயில் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, அதைக்கொண்டு தண்ணீரைப் பிரிக்கலாம். பிரித்ததை எங்கே வைப்பது என்று கேட்டால்தான் மெக்னீசியத்தின் பேச்சு வரும்.

காருக்குள் வைப்பதை நான் நம்பவில்லை. வெளியே எடுக்க 300 டிகிரி வேண்டும் என்பது ஒரு காரணம். நிரப்புவது அதைவிடப் பெரிய தொல்லை. ஒரு காருக்கு 5 கிலோ ஹைட்ரஜனை ஐந்து நிமிடத்தில் நிரப்புகிறோம் என்று வையுங்கள். வெளியே வரும் வெப்பம் 187 மெகாஜூல். அதை ஐந்து நிமிடத்துக்குள் அகற்ற வேண்டும். ஒன்றரை டன் ஏசி நூற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் ஓடினால்தான் அந்த வெப்பத்தை அள்ள முடியும். அகற்றாவிட்டால் துகள் சூடேறி, சிதறல் வென்று, ஹைட்ரஜனை வாங்குவதையே நிறுத்திவிடும்.

நகராத இடத்தில் வைத்தால் கதை மாறுகிறது. அங்கே எடையைப் பற்றிக் கவலையில்லை, அவசரமும் இல்லை. பகல் முழுவதும் மெதுவாக நிரப்பலாம். தண்ணீரைப் பிரிக்கும் மின்னாற்பகுப்புக் கருவியிலிருந்து வரும் 10 பார் சுமார் அழுத்தமே போதும். தனியாக அழுத்த வேண்டியதில்லை. வெப்பத்தையும் வீணாக்க வேண்டியதில்லை. பிரான்ஸின் கிரெனோபில் நகரத்து ஆய்வாளர்கள் மெக்னீசியம் ஹைட்ரைடுத் தூளைக் கிராஃபைட்டோடு சேர்த்து வட்டத் தட்டுகளாக அழுத்தினார்கள். கிராஃபைட் வெப்பத்தைப் பக்கவாட்டில் வேகமாகக் கடத்தும். தொட்டியைச் சுற்றி, அந்த வெப்பநிலையில் உருகும் மெக்னீசியம்–துத்தநாகக் கலவை ஒன்றை வைத்தார்கள். ஹைட்ரஜன் உள்ளே போகும்போது வரும் வெப்பம் அந்தக் கலவையை உருக்கும். ஹைட்ரஜனை எடுக்கும்போது, உருகிய கலவை உறைந்து அதே வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும். பாட்டியின் சட்டியில் வீணாய்ப் போன ஆவியை ஒரு குடத்தில் பிடித்து வைத்தது போன்ற ஏற்பாடு. 700 டிகிரி சுமாரில் இயங்கும் திட ஆக்சைடு எரிபொருள் கலமாக இருந்தால் இன்னும் நல்லது. அதன் கழிவு வெப்பமே பூட்டைத் திறந்துவிடும்.

இந்தப் பிடியையே வரமாக மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. ஜெர்மனியின் ம்யூல்ஹைம் நகரில் 1990-களில் மெக்னீசியம் ஹைட்ரைடை வெப்பம் சேமிக்கும் கிடங்காகவே பயன்படுத்தி, நீராவி தயாரிக்கும் கருவி செய்தார்கள். வெப்பம் இருக்கும்போது ஹைட்ரஜனைப் பிரித்து வேறு கலனில் வைப்பது. வெப்பம் தேவைப்படும்போது திரும்பச் சேர்ப்பது. காளவாசலில் சுட்ட கிளிஞ்சல் மாதக்கணக்கில் தன் சூட்டை உள்ளே வைத்திருந்த அதே தத்துவம்.

இவ்வளவும் சொல்லி முடித்த பிறகு, கரும்பலகையில் ஒரு கணக்குப் போடச் சொன்னேன். மாட்டுத்தாவணியிலிருந்து கிளம்பும் ஒரு பஸ்ஸில் 30 கிலோ ஹைட்ரஜன் வைக்க வேண்டும். எவ்வளவு மெக்னீசியம் ஹைட்ரைடு? அந்த மாணவிதான் எழுந்து வந்தாள். 30-ஐ 13-ஆல் பெருக்கி 390 கிலோ என்று எழுதினாள். ஆறு பேர் எடை. பஸ் தாங்கும் என்றது வகுப்பு. அவள் சுண்ணக்கட்டியைக் கீழே வைக்கவில்லை. 30-ஐ 37.5-ஆல் பெருக்கினாள். 1,125 மெகாஜூல். அதை 3.6-ஆல் வகுத்து யூனிட்டாக்கினாள். 312.

"டீச்சர், எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கே இவ்வளவு யூனிட் வராது. பஸ்ஸில் வைக்க வேண்டாம், டிப்போவில் வையுங்கள்" என்றாள். அதன் கீழே கோடு போட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்து, "பகலில் வருகிற இந்த 312 யூனிட் சூட்டை இரவு பஸ் வரும்வரை எதில் வைப்பது? அந்தத் துத்தநாகக் கலவை எத்தனை கிலோ வேண்டும்?" என்று கேட்டாள்.

அது உருகுவதற்கு ஒரு கிலோவுக்கு எவ்வளவு வெப்பம் வாங்கும் என்று தேடிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். கணக்கு இன்னும் பலகையின் மூலையில் இருக்கிறது. அழிக்க வேண்டாம் என்று பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.